மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 27. மனச்சோர்வுக்காக ஐந்து மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறாள். இப்போது எவ்வளவோ தேவலை. ஆனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமோ என்று பயப்படுகிறாள். இணையத்தில் அறிமுகமான ஒருவர் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மூலிகைக் கேப்சூலை அனுப்பியிருக்கிறார். மாத்திரையோடு சேர்த்தே ஆரம்பிக்கலாம், ஒரு வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம், இயற்கையானது என்பதால் பக்கவிளைவே கிடையாது என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மூலிகை மூளையில் நிஜமாகவே வேலை செய்யும்; அதனால்தான் பயப்படுகிறேன். தங்கை சாப்பிடும் மாத்திரையும் சரி, இந்த மூலிகையும் சரி, செரட்டோனின் என்ற ரசாயனத்தைத்தான் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் அது அளவு மீறிப்போகலாம். கை நடுக்கம், கொட்டும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை, காய்ச்சல் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏற்கனவே ஓரிரு கேப்சூல் உள்ளே போயிருந்து இதில் எது தெரிந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு.

இந்த மூலிகைக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை 29 பரிசோதனைகளை, ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்து, இது வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்கிறது என்றது. ஜெர்மனியில் மருத்துவர்களே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் 2002-இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த பரிசோதனையில் இது வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. ஒப்பீட்டுக்காக வைத்த செர்ட்ராலின் என்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரையும் அதில் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்பவர்கள் முதல் ஆய்வை மட்டும்தான் காட்டுவார்கள்.

அவர்கள் செய்யும் தந்திரத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எஸ்சிட்டலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு எல்லாம் வரலாம். பதறிப்போய்க் கேட்டால், "உடம்பில் இருந்த ரசாயன நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான்" என்பார்கள். பலருக்கு ஓரிரு வாரத்தில் அது அடங்கும். உடனே "பார்த்தீர்களா, மூலிகை வேலை செய்கிறது" என்பார்கள். நின்றுபோன மருந்தால் மனச்சோர்வு திரும்புவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் மூன்று டப்பா விற்றிருக்கும், ஆள் இருக்கமாட்டார். "டாக்டரிடம் சொல்லாதீர்கள், அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு மூலிகைகளின் பெயரைப் போட்டுவிட்டு எது எவ்வளவு என்று எழுதாத டப்பாவும் வேண்டாம். பல நாடுகளில் இவை உணவுச் சத்துப் பொருள் என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. வேலை செய்யும் என்று விற்பனைக்கு முன் நிரூபிக்கத் தேவையில்லை. மூளையில் செரட்டோனினைக் கூட்டும் ஒரு பொருளை எப்படி உணவு என்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிடாதவர்கள் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு எந்த மருந்தும் இல்லாமல், லேசான மனச்சோர்வுக்கு, மருத்துவர் பார்வையில் என்றால் சரி. "வேறு எந்த மருந்தும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மூலிகை கல்லீரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்து வெளியேற்ற வைக்கும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். தங்கையிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவருக்கு, உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இப்படிக் குறைந்து, உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதை 2000-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூலிகையை நிறுத்தும்போதும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, மூலிகையால் அது பலிக்காமல் போக, மருத்துவர் காரணம் தெரியாமல் அளவைக் கூட்டியிருப்பார். மூலிகையை நிறுத்தினால் இரண்டு வாரம் போல ஆனதும் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிய வார்ஃபரின் அப்படியே ரத்தத்தில் தங்கி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். "வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியை அனுப்பிவிடும் மருத்துவமனைகளில் அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

மற்ற மூலிகைகளையும் கேட்பீர்கள். மனச்சோர்வுக்குக் குங்குமப்பூ பற்றி நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு, ஆனால் எல்லாம் சிறியவை. அஸ்வகந்தாவால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. காவா என்ற மூலிகை வேண்டவே வேண்டாம்.

அடிமையாவது பற்றிய பயத்துக்கு வருகிறேன். போதைப்பொருள் போல ஏங்க வைத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போக வைக்கும் மருந்து இது இல்லை. உடம்பு பழகிவிடும், அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாகத் தேறிய பிறகு இன்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். ஆகவே மருத்துவரிடம், "இதை எப்போது, எப்படிக் குறைப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அளவுமீறிய உற்சாகத்தோடு இருந்திருக்கிறாளா என்பதையும் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் சிகிச்சையே மாறும். குறைக்கும் காலத்தில் சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.