‘ஹேவ் கான்’ சொன்னால் விருந்தினர் ஏன் முழிக்கிறார்?

ஊட்டிப் பக்கத்துத் தொட்டபெட்டா சிகரத்துக்குப் போய் வந்ததை “ஐ ஹேவ் கான் (have gone) டு தொட்டபெட்டா” என்று சொன்னதும் விருந்தினர் முழித்தார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். “ஐ ஹேவ் பீன் (have been) டு தொட்டபெட்டா” என்பதுதான் சரி. நீங்கள் சொன்ன “ஐ ஹேவ் கான் டு தொட்டபெட்டா”வுக்கு, போன ஆள் இன்னும் திரும்பவில்லை, அங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். குன்னூர் ஹோம்ஸ்டே வாசலில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் விருந்தினர் முழிக்கத்தான் செய்வார்.

குழப்பம் பெரும்பாலும் நம் ‘போயிருக்கு’விலிருந்து வருவது. “முதலாளி ஊட்டிக்குப் போயிருக்கார்” என்றால் ஆள் இன்னும் வரவில்லை. “நான் ஊட்டிக்கு நாலு தடவை போயிருக்கேன்” என்றால் போய் வந்தாச்சு. தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாளிக்கு ‘ஹேஸ் கான்’, உங்களுக்கு ‘ஹேவ் பீன்’.

சொல்லும் முன் “போயிட்டு வந்திருக்கேன்” என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் பீன். ‘ஐ’யில் தொடங்கி ஊர்ப்பெயர் வந்தால் அநேகமாக எப்போதும் பீன்தான்.

ஆனால் நேற்று, போன வாரம் என்று முடிந்த நேரத்தைச் சொல்லிவிட்டால் இரண்டும் கூடாது: “ஐ வென்ட் டு கோத்தகிரி யெஸ்டர்டே.” அதையே கேள்வியாக்கினால் ‘டிட்’ இறந்தகாலத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும், வென்ட் மறுபடி கோ ஆகிவிடும். “டிட் யூ வென்ட்” என்பது ‘ஹேவ் கான்’ தப்பை விடப் பளிச்சென்று தெரியும் தப்பு, முதலில் அதை விடுங்கள்.