ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடியாத பயணச் செலவு

கேள்வி: எனக்கு வயது 26. வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மாதத்தில் மூன்று வார இறுதிகளாவது பக்கத்து நாடுகளுக்குப் போய்வருகிறேன். டிக்கெட்டைப் பெரும்பாலும் சலுகை விலையில் எடுக்கிறேன். அறை வாடகையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அப்படியும் 25ஆம் தேதி வாக்கில் கணக்கில் பணம் தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்கும் ஒழுங்காக அனுப்ப முடியவில்லை. பயணங்களை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. வேலை முடிந்து திரும்பிய பிறகு இதே இடங்களைப் பார்க்க விசாவுக்கும் நீண்ட விமானப் பயணத்துக்கும் பல மடங்கு செலவாகும் என்பதால், அருகில் இருக்கும்போதே பார்த்துவிடுவது பணக் கணக்கின்படியும் நியாயமானதே. ஆனால் உங்கள் கடிதத்தில் பயணச் செலவாக டிக்கெட்டும் அறையும் மட்டுமே இடம்பெற்றிருக்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு நள்ளிரவில் திரும்புகிறவரின் வீட்டில் சமைக்க எதுவும் இருக்காது, துவைத்த துணி இருக்காது, உடம்பில் தெம்பும் இருக்காது. திங்களும் செவ்வாயும் வெளிச் சாப்பாடு, தாமதமாக எழுந்ததால் டாக்சி, கடைக்குப் போக நேரமில்லாமல் கூடுதல் விலைக்கு வீட்டுக்கே வரவழைத்த பொருள்கள் என்று பயணம் வார நாள்களிலும் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். வங்கிச் செயலி இவற்றை உணவு, போக்குவரத்து என்று பிரித்துக் காட்டுவதால், இவை பயணத்தால் வந்த செலவுகள் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒரு மாதத்துக்கு மட்டும், பயணம் போகும் ஒவ்வொரு முறையும் வெள்ளி மாலையிலிருந்து செவ்வாய் இரவு வரை செலவான அனைத்தையும் ஒரே தலைப்பில் எழுதி வாருங்கள். எங்கும் போகாமல் இருந்த ஒரு வாரத்தின் அதே நாள்களுக்கான செலவை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு முன்கூட்டியே கட்டிய டிக்கெட், அறைப் பணத்தையும் சேர்த்தால் வருவதுதான் உங்கள் பயணத்தின் உண்மையான விலை.

அடுத்தது, அட்டை. வேறு நாணயம் புழங்கும் இடத்தில் கடையின் இயந்திரமோ ஏடிஎம்மோ, உங்கள் கணக்கு இருக்கும் நாணயத்திலேயே தொகையைக் கழித்துக்கொள்ளவா என்று கேட்கும். வசதியாகத் தோன்றினாலும், அங்கே மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல. பெரும்பாலும் அது உங்களுக்கு நட்டமாகவே முடியும். எப்போதும் அந்த நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அந்நியச் செலாவணிச் சந்தை வார இறுதியில் மூடியிருப்பதால், சில செயலிவழி அட்டை நிறுவனங்கள் அந்த நாள்களில் நாணய மாற்றத்துக்குத் தனியாக ஒரு விழுக்காடு கூட்டி வாங்குவதும் உண்டு. வார இறுதியில் மட்டுமே ஊர் சுற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் இதில் மாட்டிக்கொள்வார். தேவையான தொகையை வெள்ளிக்கிழமை பகலுக்குள் மாற்றி வைத்துக்கொள்வது போதும்.

மலிவு விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை, பெட்டிக்கான கட்டணத்தையும், நகரத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள விமான நிலையத்துக்குப் போய்வரும் செலவையும் கூட்டிய பிறகே ரயில் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். சில நேரங்களில் ரயிலே மலிவாக இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் பணம் மாதக் கடைசியில் மிஞ்சுவதாக இருக்கக் கூடாது. சம்பளம் வந்த அன்றே போய்விட வேண்டும். சிறு தொகைகளைப் பல தவணைகளில் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணம் பிடிபடும். வங்கிவழி அனுப்பும்போது இடைநிலை வங்கிகளும் ஒரு பங்கைக் கழிக்கலாம். உலக வங்கியின் கணக்குப்படி, 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல். 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. எனவே கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தை நம்பிவிடாமல், வீட்டார் கையில் கடைசியாக எவ்வளவு கிடைக்கிறது என்பதை வைத்தே நிறுவனங்களை ஒப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கடிதத்தில் சேமிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான். வேலையோடு பிணைந்த விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், அங்கே தங்கும் உரிமையும் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துபோகலாம். மூன்று மாத வாடகை, சாப்பாட்டுச் செலவுக்கான தொகையும் ஊர் திரும்பும் விமானக் கட்டணமும் அந்த நாட்டு நாணயத்திலேயே, அட்டையோடு இணைக்காத தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது சேரும்வரை மாதம் ஒரு பயணம் போதும் என்பது என் கருத்து. கொஞ்சம் கறாராகத்தான் சொல்கிறேன். சேர்ந்த பிறகு எத்தனை முறை போகலாம் என்பதை முன்பு சொன்ன உண்மையான விலையே காட்டிவிடும்.

எல்லை தாண்டினால் மருத்துவக் காப்பீடு செல்லுமா என்பதையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போய்வரும் கட்டணம் இரண்டு நாளுக்கும் நான்கு நாளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், மூன்று குறும்பயணங்களுக்குப் பதிலாக, பொது விடுமுறையோடு ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்து ஒரு நீண்ட பயணம் போகலாம். திரும்பும் நாளை மட்டும் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கவும் வாரத்துக்கான சமையல் பொருள் வாங்கவும் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.