பழைய கிடாரும் ப்ளூஸும்: கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு வருடமாகக் கிடாரில் ப்ளூஸ் பழகுகிறேன். கண்ணாடிக் குழாயைக் கம்பியில் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடில்தான் ஆசை அதிகம். பெரம்பூரில் ஒரு பழைய ரயில்வே குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. அவர்களிடம் கல்கத்தாவில் செய்த கிடார் ஒன்று இருக்கிறது, 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கம்பிகள் தூக்கி நிற்கின்றன. பின்பலகையில் விரிசல், வார்னிஷும் உரிந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மாமாவோ, ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு 1930-களின் கிப்சன் கம்பெனிக் கிடார் ஒன்றை வாங்கலாம் என்கிறார். எது சரி? பழையதை வாங்கினால் பாலிஷ் போட்டுப் புதிதாக்கிவிடலாமா?

ஆர்., தண்டையார்பேட்டை

அன்புள்ள ஆர்.,

பெரம்பூர் கிடாரைப் போய்ப் பாருங்கள். நெக், அதாவது கழுத்துக் கட்டை, நேராக இருந்தால் வாங்குங்கள். கிப்சன் இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்டு மயங்கும் 1920, 30-களின் ரெக்கார்டுகளில் பல, மலிவான கிடார்களில் வாசித்தவை. நியூ ஜெர்சியில் ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனி செய்த ஸ்டெல்லா, சியர்ஸ் கடையின் கேட்லாக்கைப் பார்த்துத் தபாலில் வரவழைத்த கிடார்கள், இவைதான் ப்ளூஸ் வாசித்த ஏழைக் கறுப்பின அமெரிக்கர்களின் கைக்கு எட்டின. பாடகர் லெட் பெல்லியின் பன்னிரண்டு கம்பிக் கிடாரும் ஸ்டெல்லாதான். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் கிப்சன் எல்-1 மாடல் வைத்திருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிப்சனைத் தேடுகிறார்கள். 1936, 37-இல் அவர் பதிவு செய்த 29 பாடல்களை எந்தக் கிடாரில் வாசித்தார் என்பதை அந்த போட்டோ சொல்லாது.

அந்த மலிவுக் கிடார்களில் முன்பலகைக்கு அடியில் சட்டங்களை ஏணிப்படி மாதிரி குறுக்காக ஒட்டியிருப்பார்கள். விலை உயர்ந்தவற்றில் பெரும்பாலும் எக்ஸ் வடிவம். ஏணிச் சட்டம் போட்டதில் ஒலி சட்டென்று எழும், சட்டென்று அடங்கும், நீண்ட ரீங்காரம் இருக்காது. கட்டைவிரல் பேஸ் கம்பியில் தாளம் போட, மற்ற விரல்கள் மேலே பாட்டைச் சொல்லும் வாசிப்புக்கு அந்த வறண்ட ஒலி அருமையாகப் பொருந்துகிறது. ஒரு ஸ்வரம் அடுத்ததின் மேல் வழிவதில்லை. நம் ஊர்ப் பழைய கிடார்களிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். ஓட்டைக்குள் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டால் தெரிந்துவிடும்.

சரி, நெக். கம்பிகள் தூக்கி நிற்பதற்குக் காரணம் ஒன்றல்ல. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்), உடம்பு தொடங்கும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு மூன்று கார்டு தாராளமாக நுழைந்தால் நெக் வளைந்துவிட்டது. அந்தக் காலத்து மலிவுக் கிடார்கள் பலவற்றில் முறுக்கிச் சரிசெய்ய நெக்குக்குள்ளே இரும்புக் கம்பி கிடையாது, அதனால் நெக் வளைந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நெக் நேராக இருந்தும் கம்பி உயர்ந்திருந்தால் முன்பலகை உப்பியிருக்கும், அல்லது நெக் சேரும் கோணம் மாறியிருக்கும். நெக்கைக் கழற்றிக் கோணத்தைச் செதுக்கி மாட்ட ஆகும் செலவு கிடாரின் விலையைத் தாண்டிவிடும். நீங்கள் ஸ்லைடு வாசிப்பவர் என்பதால் அது பெரும்பாலும் தேவைப்படாது. விரலால் அழுத்தி வாசிக்கப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரம் போதும். ஸ்லைடுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்கூட நல்லதுதான், கண்ணாடிக் குழாய் ஃப்ரெட்டில் இடிக்காது. மற்றவர்களை விரட்டுகிற குறை உங்களுக்கு வசதி.

அப்புறம், விரலால் முன்பலகையையும் பின்பலகையையும் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது கிர்ரென்று அதிர்ந்தால் உள்ளே சட்டம் விட்டிருக்கிறது. அதை ஒட்டிவிடலாம். மாவு மாதிரி தூள் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

பாலிஷ் போடாதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன். முன்பலகையைத் தேய்த்துக் கனமாக வார்னிஷ் பூசினால் மரம் அசைய முடியாமல் ஒலி மூடிப்போகும். அந்த வீட்டில் எத்தனை கிறிஸ்துமஸுக்கு அதை வாசித்தார்களோ, கை உரசித் தேய்ந்த அந்தத் தடத்தை அழிக்க நமக்கு என்ன உரிமை? ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

விரிசலையும் விட்ட சட்டத்தையும் ஃபெவிகால் வைத்து ஒட்ட விடாதீர்கள். வெள்ளைப் பசை தொடர்ந்து இழுபடும் இடத்தில் மெல்ல நழுவும், பிறகு வேறு பசையும் அங்கே ஒட்டாது. பழைய தச்சர்களின் வஜ்ஜிரப் பசைதான் சரி. சூடும் ஈரமும் காட்டினால் இளகும் என்பதால் பின்னால் வருகிறவர் பிரித்து வேலை செய்யலாம். கிடார்க் கடையில் ஆள் கிடைக்காவிட்டால் ஹார்மோனியம் சரிசெய்பவர்களைக் கேளுங்கள்.

சூட்டில் பசை இளகும் என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதம் தொங்கவிடாதீர்கள். கிடாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், நம் கடலோரக் காற்று அதற்கெல்லாம் மேலே. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்காவிட்டால் தண்டையார்பேட்டை உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும்.

12-53 என்ற தடிமன் கொண்ட கம்பி செட் முழுச் சுருதியில் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய மரத்துக்கு அது அதிகம். ஓப்பன் டி-யில், அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே டி மேஜர் ஒலிக்கும்படி டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி என்று இறக்கிக் கட்டுங்கள். ஸ்லைடுக்கும் அதுதான் வேண்டும்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய அமெரிக்கக் கிடார்கள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் இருக்கும். அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1992 முதல் கடும் கட்டுப்பாடு. அனுமதித் தாள் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே நின்றுவிடலாம்.

கார்டு வைத்துப் பார்த்த இடைவெளியையும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். கம்பிகளைத் தாங்கும் சேடில் துண்டை எவ்வளவு இறக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.