ஆயிரம் கன்னு யாருக்கு?

வணக்கம் சார். தாம்பரம் பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கோம். மழை சீசன்ல பக்கத்து ஏரிக்கரையிலயும் எங்க தெருவுலயும் ஆயிரம் மரக்கன்னு நடலாம்னு வாட்ஸப் குரூப்ல ஒரே பேச்சு. நர்சரிக்காரர் குல்மொஹர், பெருங்கொன்றை சீக்கிரம் வளரும்ங்கிறார். வாங்கலாமா? இன்னொண்ணு, மாடித்தோட்டத்துல வேப்பெண்ணெய் அடிச்சும் மாவுப்பூச்சி போகல.
- ஆர்., தாம்பரம்

அன்புள்ள ஆர்.,

ஆயிரம்லாம் சரி, பங்குனி சித்திரைல தண்ணி யாரு ஊத்துவாங்க? நடுறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு வந்துரலாம், ஆனா கன்னுக்கு ரெண்டு கோடையாவது ஆள் வேணும், அதனால குரூப்ல யாரெல்லாம் குடத்தோட வருவாங்கன்னு பாத்து ஆளுக்கு ரெண்டு கன்னு வாங்குங்க, போதும்.

கரைக்கு கன்னே வேணாம், பனங்கொட்டை போடுங்க. ஆவணி, புரட்டாசில பழுத்து தானா விழுற பழத்தோட கொட்டை, நுங்கு சீவிப் போட்டது முளைக்காது. ஒரு அடி குழில போட்டு மூடிட்டா மிச்சத்த மழை பாத்துக்கும். முளை மொதல்ல கீழதான் எறங்கும், ஓலை தலைகாட்ட மாசக்கணக்காகும், அதுக்குள்ள செத்துருச்சோன்னு தோண்டாதீங்க. ஏரி அரசாங்கத்தோடதுன்னா முன்னாடியே அனுமதி கேட்டுக்கோங்க.

தெருவுக்கு வருவோம். சீக்கிரம் வளரும்ங்கிறது உண்மைதான், 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல சாஞ்சதுல அந்த ரெண்டும்தான் நிறைய. மரத்த மட்டும் குத்தம் சொல்லி என்ன, அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசி, கேபிளுக்குன்னு வேரை வெட்டினா எதுதான் நிக்கும்? புங்கன், பூவரசு வைங்க. நாவலும் நல்ல மரம், ஆனா கீழ கார் நிறுத்துறவங்க உங்கள சும்மா விடமாட்டாங்க. நடும்போது பாலிதீன் கவரை கிழிச்சு எடுங்க, அடியில வேர் வளையமா சுருண்டு கெடக்கும், அந்த சுருளை நறுக்கிட்டு நடுங்க. கவரோட புதைக்கிற மகராசனுங்க இன்னும் இருக்காங்க!

மாவுப்பூச்சிக்கு: எண்ணெய தனியா தண்ணில ஊத்தினா மேலயே மிதக்கும், செடிக்கு வெறும் தண்ணிதான் போகும். காதி சோப்பை கரைச்சு அதுல லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு நல்லா கலக்குங்க, பால் மாதிரி வெளுக்கும். மொதல்ல பைப்பை வேகமா பீச்சி பூச்சிய உதுத்துட்டு, வெயில் தாழ இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க, வாரம் ஒருக்கா. தொட்டில எறும்பு வரிசை போகுதா பாருங்க, போச்சுன்னா அத நிறுத்தணும், மாவுப்பூச்சி விடுற தேன் மாதிரி கழிவுக்காக எறும்பே அத காவல் காத்து செடிக்கு செடி தூக்கிட்டுப் போகும்.