கேளுங்கள்: கரை வழியாமலே உடையுமா?

கேள்வி: பூண்டி ஏரியைத் திறந்தால் எங்கள் பக்கம் கொசஸ்தலை ஆறு ஏறுகிறது. பழைய கரை, தண்ணீர் வழியாமலே உடையுமா?
– வாசகி, மணலி புதுநகர்

பதில்: உடையும்மா. 2015, 2021 வெள்ளங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் வழிவதற்குத்தான் பயப்படுகிறார்கள். லஸ்கராக, அதாவது கரையைக் காவல் பார்க்கும் ஊழியராக, கரையில் நடந்த எனக்குக் கசிவுதான் பயம். எலி வளை, நண்டுப் பொந்து, பட்ட மரத்தின் மக்கிய வேர், எல்லாமே தண்ணீருக்கு வழி. ஊர்ப்பக்க அடியில் தெளிவாகக் கசிந்தால் கண் வைத்திருங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. உடனே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். ஊற்றின் வாயை அடைத்துவிடக் கூடாது, வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, நடுவே தண்ணீரை நிற்கவிட்டால் வேகம் தணியும். அப்புறம், வெள்ளம் வடிந்ததும் கரைமேல் லாரி விடாதீர்கள். ஊறிய மண் ஆற்றுப்பக்கம் சரியும்.