சகிப்பு என்னும் பல்வலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சகிப்பைப் பற்றிய கட்டுரையில் "சட்டத்தின் துணையில்லாத சகிப்பை நான் நம்பமாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்தவரோடு எப்படிப் பழகுவது என்பதை அரசாங்கமா சொல்லித்தர முடியும்? முற்காலத்தில் பல மதத்தாரும் சட்டம் கிட்டம் ஒன்றும் இல்லாமலே அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். சட்டம் வந்த பிறகு ஆளாளுக்கு உரிமை, வழக்கு, புகார் என்று கிளம்பிவிட்டோம். வெறுப்பு மட்டும் குறையவில்லை. உள்ளே போய்ப் பதுங்கிக்கொண்டது.

சகிப்பு என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை. பல்வலியைச் சகித்துக்கொள்கிற மாதிரி மனிதர்களைச் சகித்துக்கொள்வதா?

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. என் மாடி வீட்டுக்காரர் சில மக்களைப் பற்றிப் பேசும் பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியாதது. படியில் எதிரே வந்தால் அவருக்கு நான் வணக்கம் சொல்ல வேண்டுமா?

ம.

அன்புள்ள ம,

பல்வலி நல்ல உவமை. உங்களுக்கு முன்னால் ஜெர்மன் கவிஞர் கதேயே இதைச் சொல்லியிருக்கிறார்: வெறுமனே சகித்துக்கொள்வது அவமதிப்பதுதான், அது ஏற்றுக்கொள்வதில் போய் முடிய வேண்டும் என்று. அவர் காலத்து ஆஸ்திரியாவைப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும். 1781-இல் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஜோசப் புராட்டஸ்டன்டுகளுக்குச் சகிப்பு ஆணை ஒன்று கொடுத்தார். அவர்கள் ஜெபவீடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவைப் பார்த்து வாசலும் கூடாது. இருந்துகொள், கண்ணில் படாமல் இரு.

ஆனாலும் அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. பிடித்தவரைச் சகிக்க வேண்டிய அவசியமே கிடையாது, பிடிக்காதவர் விஷயத்தில்தான் அந்தப் பேச்சே எழுகிறது. அன்பு, நல்லிணக்கம் என்று பெயரை மாற்றிவிட்டால் பிடிக்காதவரை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

சரி, முற்காலத்துக்கு வருவோம். சட்டம் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்கிறீர்கள். சட்டம் இருந்தது, அது அரசனின் மனநிலையாக இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டிய ஜிஸ்யா வரியை 1564-இல் அக்பர் எடுத்தார், 1679-இல் ஔரங்கசீப் திரும்பப் போட்டார். அக்கம்பக்கத்தாரின் மனம் மாறியதா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு இதில் எப்போதும் நினைவுக்கு வருவது பிரான்சின் நாந்த் ஆணை. கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே 1562-இல் தொடங்கிய மதப்போர்கள் முப்பத்தாறு வருடம் இழுத்தன. நடுவில் 1572-இல் பாரிஸில் புராட்டஸ்டன்டுகளைக் கொன்று குவித்த பர்த்தலோமியோ நாள் படுகொலை. ஒருவரையொருவர் அழிக்க முடியவில்லை என்பது இரு தரப்புக்கும் உறைத்த பிறகு, 1598-இல் அரசர் நான்காம் ஹென்றி அந்த ஆணையைக் கொண்டுவந்தார். அதன் தொடக்கம் விசித்திரமானது. 1585 மார்ச் முதல் நடந்த எல்லாவற்றின் நினைவும் அணைந்துபோகட்டும், பழையதைக் கிளறி யாரும் யாரையும் குத்திக்காட்டக் கூடாது என்று சட்டமே மறதிக்கு உத்தரவு போடுகிறது! சகோதரர்களாக, நண்பர்களாக வாழுங்கள் என்றும் சொல்கிறது. அது ஒரு மங்கல வாழ்த்து, அவ்வளவுதான். காரியம் அதற்கப்புறம் வருகிறது. இரு மதத்து நீதிபதிகளும் சேர்ந்து உட்காரும் நீதிமன்றங்கள். புராட்டஸ்டன்டுகள் கையில் கோட்டை நகரங்கள், அங்கே நிற்கும் காவல்படைக்கு அரசன் பணத்திலிருந்தே சம்பளம். உன்னை நம்பவில்லை, நீயும் என்னை நம்ப வேண்டாம், ஆனால் வழக்கு வந்தால் இந்த நீதிமன்றம். எழுதியவர்களுக்கு மனித மனத்தைப் பற்றிய பிரமை எதுவும் இருக்கவில்லை.

"நிரந்தரமானது, மாற்ற முடியாதது" என்று அந்த ஆணை தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. 1629-இல் கோட்டைகள் போயின. 1685-இல் ஹென்றியின் பேரன் பதினான்காம் லூயி ஆணையையே ரத்து செய்தார். புராட்டஸ்டன்ட் பாதிரிகள் பதினைந்து நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சாதாரண மக்கள் வெளியேறக் கூடாது, பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமைத் தண்டனை. இதையெல்லாம் மீறி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடினார்கள். தங்கிவிட்டவர்களின் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற நிலை வர 1787 ஆயிற்று. நூறு வருடத்துக்கு மேல் அவர்களுடைய பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தவர்கள். தாத்தா இரக்கப்பட்டுக் கொடுத்ததைப் பேரன் எடுத்துக்கொண்டார். அரசனும் தொட முடியாத உரிமையாக அது ஆகவே இல்லை. நான் சட்டம் சட்டம் என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் உங்கள் பக்கம் நின்று நானே சொல்லிவிடுகிறேன். சட்டம் கும்பலின் கைத்தடியாகவும் ஆகும். 1762-இல் தூலூஸ் நகரத்தில் ஜான் காலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வணிகரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். கத்தோலிக்கத்துக்கு மாறப்போன மகனைக் கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு, ஊர் வாயில் பிறந்த வதந்தி. அந்த வதந்திக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்தது தெருக்கும்பல் இல்லை, முறையான நீதிமன்றம். எழுத்தாளர் வோல்டேர் அந்த வழக்கைக் கையில் எடுத்தபோது முதலில் கேட்டது, விசாரணை ஆவணங்களை வெளியே காட்டுங்கள் என்பதைத்தான். 1765-இல் காலாஸ் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள், செத்து மூன்று வருடம் கழித்து.

புகார், வழக்கு என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அது நம் காலத்து வியாதி இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம். அங்கே 1649-இல் ஒரு சகிப்புச் சட்டம் வந்தது. மதத்தைச் சொல்லி ஒருவரைத் திட்டினால் பத்து ஷில்லிங் அபராதம், அதில் பாதி திட்டு வாங்கியவருக்கு. எந்தெந்தச் சொல் வசவு என்று ஒரு பட்டியலையும் சட்டத்திலேயே வைத்திருந்தார்கள். வாசித்தால் சண்டைக்காரன் வாயிலிருந்து நேராக இறக்கிவைத்த மாதிரி இருக்கும். அதே சட்டம், திரித்துவத்தை, அதாவது பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, மறுப்பவனுக்கு மரண தண்டனை என்கிறது. கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் சகித்துக்கொள்ளும் ஏற்பாடு, வேலிக்கு வெளியே நிற்பவனுக்குக் கயிறு. மனம் புண்பட்டதைச் சட்டம் எடைபோடத் தொடங்கினால் தராசு யார் கையில் என்பதுதான் முதல் கேள்வி. அந்த இடத்தில் உங்கள் சலிப்போடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் வெறுப்பு உள்ளே போய்ப் பதுங்குகிறது என்று வருத்தப்படுகிறீர்களே, அது எனக்குப் புரியவில்லை. வேறெங்கே போக வேண்டும்?

ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தை ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் கூட்டுவது என்பதெல்லாம் பழைய வழக்கப்படி. உள்ளது உள்ளபடியே நீடிக்கட்டும் என்று 1852-இல் உதுமானிய சுல்தான் ஆணையிட்டு அதை உறுதிசெய்தார். வாசல் சாவிப் பொறுப்பு தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்களிடம். முகப்பில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி சும்மா நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சித்திரங்களிலும் ஏணி இருக்கிறது. எடுக்கும் உரிமை யாருக்கு என்று முடிவாகாததால் யாரும் எடுப்பதில்லை. 2002-இல் கூரைமேல் உட்கார்ந்திருந்த எகிப்தியக் காப்டிக் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். கூரையைத் தங்களுடையது என்று சொல்லும் எத்தியோப்பியத் துறவிகளுக்கு அது படையெடுப்பாகப் பட்டது. கைகலப்பில் பதினோரு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இதுவா சகிப்பு என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் புனிதத் தலங்களில் யாருக்கு என்ன உரிமை என்ற தகராறு கிரிமியப் போருக்கு ஒரு காரணமாக இருந்தது. 1853-இலிருந்து 1856 வரை நடந்து பல லட்சம் பேரைத் தின்ற போர் அது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் நாற்காலிச் சண்டை எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது. துறவிகளுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு வந்துவிடவில்லை. மறுநாள் பூசை மட்டும் அவரவர் நேரத்தில் நடக்கிறது.

உங்கள் மாடி வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவர் வீட்டுக்கு வரும் தண்ணீரை நீங்கள் அடைக்கக் கூடாது, அவர் உங்கள் கதவில் எதையும் கிறுக்கக் கூடாது. எவரையாவது அடிக்க ஆள் சேர்த்தார் என்றால் போலீசுக்குப் போங்கள், தயங்க வேண்டாம். வணக்கத்தைச் சட்டம் உங்களிடம் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். சொல்லாவிட்டாலும் நீங்கள் சகிப்புள்ளவர்தான். நானாக இருந்தால் பாதிநாள் சொல்வேன், பாதிநாள் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

அன்புடன்.