காதோரும் கதிரையும் உறவுதான்

வணக்கம். பிரான்சின் வடமேற்கில் பேசப்படும் பிரெத்தோன் மொழியில் நாற்காலிக்குப் பெயர் ‘காதோர்’, ஈழத்துக் ‘கதிரை’ போலவே ஒலிக்கிறதே, தமிழிலிருந்து போனதா, இல்லை பிரெஞ்சிலிருந்து வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. ஆனால் உங்கள் காது ஏமாறவில்லை, உறவு உண்டு.

மூலம் ‘கதெத்ரா’ என்ற லத்தீன் சொல். அது கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘கத’ என்றால் கீழே, ‘ஹெத்ரா’ என்றால் இருக்கை. பிரித்தானியத் தீவு ரோமர் ஆட்சியில் இருந்தபோது (கி.பி. 43 முதல் சுமார் 410 வரை) அங்கிருந்த கெல்ட் மக்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் அவர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டி பிரான்சின் இன்றைய பிரித்தானி பகுதியில் குடியேறியபோது சொல்லும் கூடவே போனது. தீவிலேயே தங்கியவர்களின் வழிவந்த வேல்ஸ் மொழியில் இன்றும் அது ‘காதைர்’.

பிரெஞ்சிலிருந்து வரவில்லை என்பதற்குச் சான்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சில் முதல் ‘க’ ‘ஷ’வாகிவிட்டது, நடுவிலிருந்த ‘த’ அப்படியே தேய்ந்து மறைந்தது. மிஞ்சியது ‘ஷேர்’, அதன் இன்னொரு வடிவம்தான் ‘ஷேஸ்’. பிரெத்தோனிலோ ககரமும் தகரமும் கெடாமல் நிற்கின்றன. இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

சரி, கதிரை? அதே லத்தீன் சொல் போர்த்துக்கீசியத்தில் ‘கதெய்ரா’ ஆகி, இலங்கைக்குக் கப்பலேறி வந்தது. அப்புறம், நாம் தினமும் சொல்லும் ‘சேர்’கூட பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன அதே சொல்தான்.